பெரிய ரவுட்டர் வாங்கினால் மாடிக்கு வைஃபை ஏறுமா?

திருநெல்வேலியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். கீழும் மேலுமாக இரண்டு தளம் கொண்ட வீடு, 2009இல் கட்டியது. 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. மோடம் கீழே முன்ஹாலில், டிவிக்குப் பின்னால் இருக்கிறது. இவர் வேலை பார்ப்பது மாடியில், பின்பக்க அறையில். சாயங்கால மீட்டிங்கில் குரல் விட்டு விட்டுக் கேட்கிறதாம். பையனின் பத்து வருடப் பழைய கம்ப்யூட்டர் பக்கத்து அறையில் இருக்கிறது. கையில் 15,000 ரூபாய். வைஃபை 7 ரவுட்டர் ஒன்று, கேட் 8 நெட்வொர்க் கேபிள் ஒன்று, பையனுக்கு வைஃபை கார்டு ஒன்று என்று பட்டியல் போட்டுவிட்டு, "எந்த கம்பெனி நல்லது?" என்று முடித்திருந்தார்.

கம்பெனி பெயரைச் சொல்லிவிட்டு நான் போய்விடலாம். ஆனால் அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது அது இல்லை. கீழே 200 எம்பிபிஎஸ் வந்து நிற்கிறது. அதை ஒரு கான்கிரீட் தளத்தைத் தாண்டி மேலே கொண்டுபோவது எப்படி என்பதுதான் கேள்வி. அதற்கு ரவுட்டர் ஒரு வழி, அதுவும் மோசமான வழி.

நான் மதுரைப் பக்கம் பதினேழு வருடமாக நெட்வொர்க் கேபிள் இழுக்கிறவன். பிரவுசிங் சென்டர்களில் ஆரம்பித்து, இப்போது பெரும்பாலும் வீடுகள், சின்ன ஆபீஸ்கள், கேமரா வேலை. உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை. அதனால் எந்த வீட்டுக்கும் பொருந்துவதை உறுதியாகவும், உங்கள் வீட்டைப் பார்த்தால்தான் தெரியும் என்பதை அப்படியேயும் சொல்கிறேன்.

முதலில் ஒரு பைசா செலவில்லாத வேலை. குரல் உடைவதற்கு வேகம் குறைவு காரணமாக இருப்பது அபூர்வம். 4கே படத்துக்கே நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ்தான். ஒரு மீட்டிங்குக்கு அதில் பாதிகூட வேண்டாம். உங்களிடம் இருப்பதோ 200. எனவே ஸ்பீட் டெஸ்ட்டை மறந்துவிட்டு, மாடி அறையில் லேப்டாப்பில் இரண்டு கமாண்ட் ஜன்னல்களைத் திறந்து இரண்டிலும் பிங்கை (ஒரு எண்ணுக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று காட்டும் கட்டளை) நிற்காமல் ஓட விடுங்கள். ஒன்று மோடத்தின் எண்ணுக்கு, பெரும்பாலும் 192.168.1.1. இன்னொன்று 8.8.8.8க்கு, அது கூகுளின் எண். சாயங்காலம் குரல் உடையும் நேரத்தில் இரண்டையும் பாருங்கள். மோடத்துக்கான பிங்கே 3, 5, 240, பதிலே இல்லை, 180 என்று குதித்தால் கோளாறு உங்கள் வீட்டுக்குள், வைஃபையில் இருக்கிறது. மோடம் வரை 2, 3 என்று அமைதியாக ஓடி, 8.8.8.8 மட்டும் குதித்தால் கோளாறு தெருவில். அப்போது நீங்கள் எந்த ரவுட்டர் வாங்கினாலும் பணம் தண்டம். இணைப்புக்காரரிடம்தான் புகார் சொல்ல வேண்டும். ஃபைபரில் ஒரே இழையை முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது வழக்கம், சாயங்கால நெரிசல் அதனாலும் வரலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் ரவுட்டர் மாற்றி, பிறகு என்னைக் கூப்பிட்டவர்கள் நிறைய.

நீங்கள் சொன்ன அமைப்பை வைத்துப் பார்த்தால் முதல் வகையாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். காரணம் தளம். நம் ஊர் வீட்டின் தளம் ஐந்து அங்குலக் கான்கிரீட். அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக ஆறு அங்குலத்துக்கு ஒன்று என்று கம்பி வலை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய ஐந்து அங்குலம், 5 கிகாஹெர்ட்ஸில் அதிலும் பாதிக்குக் கீழ். கான்கிரீட் அலையைக் குடிக்கும், கம்பி திருப்பி அடிக்கும். போனில் சிக்னல் அளவு காட்டும் ஆப் இருக்கிறது. ஹாலில் மைனஸ் 45 காட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல், நேர் மேலே உள்ள அறையில் மைனஸ் 70ஐத் தொட்டுவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். இந்த எண்ணில் ஒவ்வொரு பத்து இறக்கமும் பத்தில் ஒரு பங்காகக் குறைவது. 25 இறங்கினால் முந்நூறில் ஒரு பங்கு. பேச்சுக்கு மைனஸ் 67க்கு மேலே இருக்க வேண்டும் என்பது தொழிலில் வைத்திருக்கும் கணக்கு. உங்களுடையதோ பின்பக்க அறை; தளத்தோடு இரண்டு ஒன்பது அங்குலச் சுவரும் சேரும்.

அப்படியானால் எட்டு ஆன்டெனா வைத்த பெரிய ரவுட்டர் அதை உடைத்துக்கொண்டு போகாதா? கோயில் கொடையில் மைக் செட் கட்டியிருப்பார்கள். மேடையில் பேசுகிறவர் குரல் ஊர்க் கடைசி வரை கேட்கும். ஊர்க் கடைசியில் நிற்கிறவர் திருப்பிக் கத்தினால் மேடைக்குக் கேட்குமா? வைஃபை ஒருவழிப் பேச்சு இல்லை. ரவுட்டர் அனுப்பிய ஒவ்வொரு துண்டுக்கும் உங்கள் போனோ லேப்டாப்போ "வந்துவிட்டது" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். போனின் ஆன்டெனா விரல் நகம் அளவு, சக்தியும் கொஞ்சம். போனில் நாலு கோடும் நிறைந்திருக்க, மீட்டிங்கில் உங்கள் குரல் மட்டும் அடுத்தவருக்குக் கேட்காமல் போவது இதனால்தான். தவிர, ரவுட்டர் எவ்வளவு சக்தியில் கத்தலாம் என்பதற்கு அரசாங்க வரம்பு உண்டு. பத்தாயிரம் ரூபாய் ரவுட்டரும் மூவாயிரம் ரூபாய் ரவுட்டரும் அந்த வரம்புக்குள்தான்.

மோடம் இருக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிவிக்குப் பின்னால் என்றீர்கள். டிவிக்குள் அகலமான உலோகத் தகடு இருக்கிறது. ஒரு வீட்டில் மூன்று தடவை போய்ச் சரிசெய்து தோற்றேன். நாலாவது தடவைதான் மோடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில் நாலடி மீன் தொட்டி இருப்பதைக் கவனித்தேன். தண்ணீர் வைஃபையை நன்றாகக் குடிக்கும். கோத்ரெஜ் பீரோ, பாத்திர அலமாரி, கண்ணாடி பதித்த பூஜை அலமாரி எல்லாம் இதே ரகம். மோடத்தை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து, மாடிப்படி தெரியும் மூலையில் ஆறடி உயரத்தில் வைத்துப் பாருங்கள். மாடிப்படி இருக்குமிடத்தில் தளம் திறந்திருக்கிறது. அலைக்கு அது கதவு. சில வீடுகளில் இது மட்டுமே பிரச்சினையைத் தீர்த்துவிடும். ஃபைபர் வயரை மட்டும் மடக்கிவிடாதீர்கள், உள்ளே இருப்பது கண்ணாடி இழை. நீளம் போதாவிட்டால் இணைப்புக்காரரைக் கூப்பிடுங்கள்.

வைஃபை 7க்கு வருவோம். 2024 ஜனவரியில்தான் அதற்குச் சான்றளிக்கத் தொடங்கினார்கள். அதன் பெரிய லாபம், ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசைகளில் பேசுவதும், 6 கிகாஹெர்ட்ஸில் மிக அகலமான பாதையும். 6 கிகாஹெர்ட்ஸ் ஒரு சுவரைத் தாண்டவே திணறும், தளத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அதோடு, எதிர்முனையில் உங்கள் லேப்டாப்பும் வைஃபை 7 ஆக இருக்க வேண்டும். 200 எம்பிபிஎஸ் இணைப்புக்கு இது மாட்டு வண்டிப் பாதையில் ரேஸ் கார் ஓட்டுவது. வைஃபை 6 போதும். 2019இலிருந்து சந்தையில் இருக்கிறது, விலை இறங்கிவிட்டது, ஒரே வீட்டில் பத்துப் பதினைந்து சாதனங்கள் பேசும்போது பழையதைவிட ஒழுங்காகச் சமாளிக்கிறது.

பெட்டியில் பெரிய எழுத்தில் போடும் எண்களை நம்பாதீர்கள். ஏசி1200 என்றால் ஒரு அலைவரிசையில் 300, இன்னொன்றில் 867, கூட்டி முழுமையாக்கியது. ஏஎக்ஸ்3000 என்றால் 574ம் 2402ம். உங்கள் போன் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இருக்கும், அதிலும் காகிதத்தில் உள்ளதில் பாதி கிடைத்தால் நல்ல நாள். பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருப்பதைத்தான் படிக்க வேண்டும்: போர்ட்டுகள் (வயர் சொருகும் துளைகள்) 10/100 எம்பிபிஎஸ் மட்டுமா, 10/100/1000மா? டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50, சி6 இரண்டுமே ஏசி1200தான். ஆனால் சி50இன் போர்ட் 100உடன் நின்றுவிடும், சி6இல் 1000 உண்டு. 100 போர்ட் உள்ள ரவுட்டரை 200 எம்பிபிஎஸ் இணைப்பில் போட்டால் ஆயுசுக்கும் 94, 95க்கு மேல் பார்க்க மாட்டீர்கள். மாதாமாதம் பாதிப் பணம் சும்மா கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். இந்த ஒரு வரியைப் பார்க்காமல் வாங்கியவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

சுவரில் குத்தி வைக்கும் ரிப்பீட்டரை வேண்டாம் என்றே சொல்வேன். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பிக் கொடுப்பதால் வேகம் பாதியாகும். அது பரவாயில்லை, தாமதம் ஏறி இறங்குவதுதான் மீட்டிங்கைக் கெடுக்கும். மெஷ், அதாவது ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும் இரண்டு மூன்று பெட்டிகள், அதைவிட நன்றாக யோசித்துச் செய்த பொருள். ஆனால் விளம்பரம் சொல்லாதது ஒன்று: வயர் இல்லாமல் போட்டால் கீழே உள்ள மெஷ் பெட்டிக்கும் மேலே உள்ள மெஷ் பெட்டிக்கும் நடுவில் அதே தளம்தான் நிற்கிறது. மேல் பெட்டிக்குப் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்தால் போனில் சிக்னல் நிறைந்து வழியும், மேல் பெட்டிக்குக் கீழ் பெட்டி சரியாகக் கேட்காது. வாடகை வீடு, ஆணிகூட அடிக்கக் கூடாது என்றால் மெஷ்தான் கதி. அப்போது மேல் பெட்டியை உங்கள் அறையில் வைக்காமல் மாடிப்படியின் தலைமாட்டில் வையுங்கள். சொந்த வீட்டில் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

கரண்ட் வயரிலேயே நெட்டை அனுப்பும் பவர்லைன் பெட்டிகளும் உண்டு. சில வீடுகளில் அழகாக ஓடும். மும்முனை இணைப்பு உள்ள வீட்டில் கீழ்த்தளம் ஒரு பேஸிலும் மாடி இன்னொரு பேஸிலும் இருந்தால் படுத்துவிடும். வாங்கினால் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குங்கள்.

மிச்சமிருப்பது கேபிள். கீழிருந்து மேலே ஒரே ஒரு வயர், மேல் முனையில் ஒரு சாதாரண வைஃபை 6 ரவுட்டர். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். தளம் என்ற ஒன்றே இல்லாமல் ஆகிவிடுகிறது, தாமதம் ஒரு மில்லிசெகண்டுக்குள் அடங்கிவிடுகிறது.

கேட் என்பது நெட்வொர்க் வயரின் தர வரிசை. கேட் 8 வேண்டாம். அது சர்வர் அறைக்குள் அலமாரிக்கு அலமாரி 30 மீட்டருக்குள் 25, 40 ஜிபிபிஎஸ் (ஒரு ஜிபிபிஎஸ் என்பது 1000 எம்பிபிஎஸ்) ஓட்டுவதற்கானது. ஆன்லைனில் தட்டையாக, ரிப்பன் மாதிரி கேட் 8 என்று விற்பதில் பல பெயரளவில்தான் கேட் 8. கேட் 5இ வயரே 100 மீட்டர் வரை ஒரு ஜிபிபிஎஸ் தாங்கும். கேட் 6 அதே ஒரு ஜிபிபிஎஸ்ஸை 100 மீட்டருக்கும், 10 ஜிபிபிஎஸ்ஸை 55 மீட்டர் வரைக்கும் கொண்டுபோகும். விலை வித்தியாசம் அதிகமில்லை, எனவே கேட் 6 வாங்குங்கள். உங்கள் வீட்டுக்கு 25, 30 மீட்டர் தாண்டாது. 305 மீட்டர் பெட்டியிலிருந்து அறுத்துக் கொடுக்கும் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு முலாம் பூசிய வயர் மலிவாகக் கிடைக்கும், தொழிலில் சிசிஏ என்போம். 2016 வாக்கில் ஒரு வீட்டுக்கு, செலவைக் குறைக்கிறேன் என்று நான் அதைப் போட்டேன். டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தது, வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். இரண்டு வருடத்தில் கேமரா ஒவ்வொன்றாகச் செத்தது. பிரித்துப் பார்த்தால் வயர் முனையில் மாட்டும் ஜாக்கின் கழுத்தில் கம்பி ஊசி மாதிரி முறிந்திருந்தது. என் செலவில் மொத்தமும் மாற்றிக் கொடுத்தேன். கடையிலேயே ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளேயும் சிவப்பு என்றால் செம்பு. வெள்ளையாக மின்னினால் வைத்துவிட்டு வாருங்கள்.

கேபிள் என்றதும் எல்லாரும் சொல்வது, "சுவரை உடைக்க வேண்டுமே". 2009 வீடு என்றீர்கள். அந்தக் காலத்தில் கட்டிய வீட்டில் மொட்டை மாடியில் டிஷ் ஆன்டெனா இருக்கும், அல்லது இருந்திருக்கும். அந்த டிஷ் வயர் எந்த வழியாக ஹாலுக்கு இறங்குகிறது? பெரும்பாலும் சுவருக்குள் முக்கால் அங்குல பைப் வழியாக, மேல் தளத்தைக் கடந்து, நேராக டிவிக்குப் பின்னால். அதாவது உங்கள் மோடம் இருக்கும் அதே இடத்துக்கு. தளத்தைத் துளைத்துப் போகும் பாதையை வீடு கட்டும்போதே கொத்தனார் போட்டு வைத்துவிட்டார்.

டிஷ் இப்போது தேவையில்லை என்றால் பழைய வயரே உங்கள் இழுவைக் கயிறு. கீழ் முனையில் டிஷ் வயரையும் கேட் 6ஐயும் தலைக்குத் தலை முட்ட வைத்து முடிச்சுப் போடாதீர்கள், பைப் வளைவில் சிக்கிக்கொள்ளும். கேட் 6இன் மேல்தோலை நாலு விரல் அளவு உரித்து, எட்டு இழைகளையும் டிஷ் வயரைச் சுற்றிப் பின்னி, மேலே இன்சுலேஷன் டேப்பைக் கூம்பு மாதிரி, இழுக்கும் பக்கம் ஒல்லியாக வரும்படி இறுக்கிச் சுற்றுங்கள். ஜாக்கை இப்போது அடிக்கக் கூடாது, வயர் போய்ச் சேர்ந்த பிறகுதான். டேப்பின் மேலும் முதல் இரண்டு அடி வயரிலும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தடவுங்கள். ஒருவர் கீழே வயரைச் சுருள் விழாமல் ஊட்ட, ஒருவர் மேலே நிதானமாக இழுக்க வேண்டும். பத்துப் பதினோரு கிலோ எடைக்கு மேல் இழுவிசை கொடுத்தால் உள்ளே முறுக்கு பிரிந்துவிடும்; அதனால் சிக்கினால் பலம் காட்டாமல் ஒரு சாண் பின்னுக்கு விட்டு, மறுபடி இழுங்கள். டிஷ்ஷும் வேண்டுமென்றால், முதலில் டிஷ் வயரோடு நைலான் கயிற்றைக் கட்டி இழுத்துவிட்டு, அந்தக் கயிற்றில் இரண்டு வயர்களையும் சேர்த்துக் கட்டித் திருப்பி இழுக்கலாம். கரண்ட் வயர் போகும் பைப்பில் மட்டும் இதை நுழைக்காதீர்கள். இரைச்சல் ஏறும் என்பது சின்னக் காரணம். உரசி இன்சுலேஷன் போனால் 230 வோல்ட் உங்கள் லேப்டாப்புக்கு வரும் என்பது பெரிய காரணம்.

பைப் உள்ளே சிமெண்ட் அடைத்திருக்கிறதா, நடுவில் எத்தனை வளைவு என்பதெல்லாம் இழுத்துப் பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது. வரவில்லையென்றால் வெளிச்சுவர் வழிதான். அதற்குக் கறுப்பு மேல்தோல் உள்ள அவுட்டோர் வயர் வேண்டும். வீட்டுக்குள் போடும் சாம்பல் வயர் உங்கள் ஊர் வெயிலில் சீக்கிரமே வெடித்துவிடும். சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் தாழ்ந்து இருக்கட்டும். வயர் துளைக்குள் நுழைவதற்கு முன் கீழே ஒரு தொங்கல் விடுங்கள், மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிப் போய்விடும், இல்லாவிட்டால் ஐப்பசி மழை நேராக ஜாக்குக்குள் வரும். தோட்டத்துக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கும் கட்டடத்துக்குச் செம்பு வயர் இழுக்க வேண்டாம். பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு முனையிலும் பெட்டிகள் போகும். அங்கே ஃபைபர்தான், கண்ணாடியில் மின்சாரம் ஓடாது.

ஜாக் அடிக்க ஆள் கூப்பிட்டுக்கொள்ளலாம், கூட நில்லுங்கள். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. அடித்து முடித்ததும் லேப்டாப்பைச் சொருகி, நெட்வொர்க் விவரத்தில் இணைப்பு வேகம் 1000 காட்டுகிறதா என்று பாருங்கள். 100 காட்டினால் "நெட் வருது சார்" என்று கிளம்ப விடாதீர்கள். 100க்கு நாலு இழை போதும், 1000க்கு எட்டும் வேண்டும். நீலமோ பழுப்போ ஒன்று ஜாக்கில் சரியாக உட்காராவிட்டால் இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி அடித்தால் சரியாகிவிடும்.

மேலே வைக்கும் ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு, அதாவது வயரில் வருவதை வைஃபையாகக் கொடுக்கும் வேலைக்கு மட்டும், மாற்ற வேண்டும். இப்போது வரும் பெரும்பாலானவற்றில் அதற்கு ஒரே தட்டு. அந்த வசதி இல்லாவிட்டால், அதன் எண்ணை 192.168.1.2 என்று மாற்றி, டிஎச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி எண் கொடுக்கும் வேலை) அணைத்து, மோடத்திலிருந்து வரும் வயரை வான் (வெளி இணைப்புக்கான) போர்ட்டில் சொருகாமல் லான் (வீட்டுச் சாதனங்களுக்கான) போர்ட்டில் சொருகினால் அதே வேலை நடக்கும். டிஎச்சிபியை அணைக்க மறந்தால் வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுக்க ஆரம்பித்து, யாருக்கு நெட் வரும் யாருக்கு வராது என்று தெரியாது. இரண்டிலும் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாகவே வையுங்கள். சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும்: 2.4இல் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மூன்றுதான், கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11. கீழே இருந்து மேலே நடக்கும்போது போன் பழைய பெட்டியையே பிடித்துக்கொண்டு தொங்கும். மாறுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது போன், ரவுட்டர் இல்லை. ஒரு தடவை வைஃபையை அணைத்துப் போட்டால் சரி. உட்கார்ந்து வேலை பார்க்கும் உங்கள் லேப்டாப்பை எப்படியும் அந்த ரவுட்டரின் போர்ட்டில் வயர் போட்டே சொருகுங்கள்.

பையனின் கம்ப்யூட்டருக்கும் அதே ரவுட்டரிலிருந்து ஒரு வயர். வைஃபை கார்டு செலவு மிச்சம், தனி ஸ்விட்ச்சும் வேண்டாம், ரவுட்டரின் பின்னால் மூன்று நாலு போர்ட் இருக்கும். அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூற்றுச் சொச்சம் எம்பி படிக்கும், சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஐந்நூறு தாண்டும். பையன் "நெட் ஸ்லோ" என்று சொல்வதில் பாதி இந்த டிஸ்க்கின் வேலையாக இருக்கலாம். ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்வது இன்டெல்லில் 8ஆம் தலைமுறையிலிருந்து. பத்து வருடப் பெட்டி அதற்குள் வராது. பாடம், வீடியோ, கொஞ்சம் புரோகிராமிங் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு இன்னும் மூன்று வருடம் ஓட்டலாம். விளையாட்டு என்றால் எஸ்எஸ்டிக்குக்கூடச் செலவழிக்காதீர்கள், புதிதுக்குச் சேருங்கள்.

கரண்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை நிறுத்துகிற நாளில் உங்கள் மீட்டிங் நிற்காதே. வீட்டு இன்வெர்ட்டர் இருந்தாலும் அது மாறும் கண நேரத்தில் மோடம் அணைந்து எழும், எழுந்து ஃபைபரோடு பேசி முடிக்க இரண்டு மூன்று நிமிடம். 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றை மோடத்துக்கும் இன்னொன்றை மேல் ரவுட்டருக்கும் போட்டால் அந்த இடைவெளி தெரியாது. வாங்கும் முன் இப்போதுள்ள அடாப்டரின் அடியில் படியுங்கள்: வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. 9 வோல்ட் ரவுட்டரில் 12ஐச் சொருகினால் புகைதான்.

எஸ்எஸ்டி நீங்கலாகக் கணக்கு போட்டால், இப்போதைய கடை விலையில் சற்று முன்னே பின்னே: வயர் ஆயிரம், வைஃபை 6 ரவுட்டர் மூவாயிரம் சொச்சம், ஜாக், பேஸ்பிளேட், கிளிப் வகையில் ஐந்நூறு, இழுக்கிறவர் கூலி இரண்டாயிரம், இரண்டு மினி யூபிஎஸ்ஸும் சேர்த்து மூவாயிரத்துக்குள். பத்தாயிரத்தைத் தாண்டாது. கம்பெனி கேட்டீர்கள்: டிபி-லிங்க், டி-லிங்க், ஏசஸ், எதுவானாலும் 1000 போர்ட், ஆக்சஸ் பாயிண்ட் மோடு இரண்டும் இருந்து, உங்கள் ஊரிலேயே சர்வீஸ் சென்டரும் இருந்தால் வாங்கலாம்.

கடைக்குப் போகும் முன் நாளைக் காலையில் ஒன்று செய்யுங்கள். மொட்டை மாடியில் டிஷ் வயர் பைப்புக்குள் நுழையும் இடத்தில் ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் டிவிக்குப் பின்னால் வந்த முனையை மெதுவாக அசையுங்கள். மேலே அசைவு தெரிந்தால் அன்று சாயங்காலமே வேலை முடிந்துவிடும். தெரியாவிட்டால், ஹால் ஜன்னல் எந்தத் திசையில், உங்கள் அறை ஜன்னல் எந்தத் திசையில் என்று எழுதுங்கள், வெளிச்சுவரில் எந்த வழி குறுகியது என்று பார்த்துச் சொல்கிறேன்.